கூலண்ட் எங்க போகுது? – வாசகர் கேள்வி பதில்

வெயில் ஏறிடுச்சு, பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு, எல்லாரும் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடுன்னு வண்டிய எடுக்கற நேரம். அதனாலயோ என்னமோ இந்த தடவை நெறைய பேர் இஞ்சின ஆற வைக்கற கூலண்ட் பத்தியே கேட்டிருக்கீங்க. இந்த இதழ் பக்கம் முழுக்க அதுக்கே.

கேள்வி: போன லீவுக்கு பொள்ளாச்சில இருந்து வால்பாறை போனோம். ஆழியார் தாண்டி ஏறும்போது கொஞ்ச வளைவு போனதுமே மீட்டர்ல கூலண்ட் கம்மின்னு சிவப்பு லைட் வந்துச்சு, அடுத்த வளைவுல அணைஞ்சிருச்சு, திரும்ப வந்துச்சு. டெம்பரேச்சர் முள்ளு நடுவுலயேதான் நின்னுச்சு, அதனால எங்க வீட்டுக்காரர் "சென்சார் கோளாறா இருக்கும், மேல போய் பாத்துக்கலாம்"னு ஓட்டிட்டார். மேல போய் குடிக்கற தண்ணிய ஊத்தினோம், லைட் போயிடுச்சு. இப்ப மறுபடியும் வருது. அப்பப்ப ஊத்திக்கிட்டே ஓட்டலாமா?
– வாசகி, பல்லடம்

பதில்: ஊத்திக்கிட்டே ஓட்டாதீங்கம்மா. முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கங்க, கூலண்ட் பெட்ரோல் மாதிரி செலவாகற பொருள் கிடையாது. இஞ்சின், ரேடியேட்டர், ஹீட்டர் இதுக்குள்ளயே சுத்தி சுத்தி வர்ற ஒண்ணு, மூடின பாதை. கூலண்ட் மாத்தற மாதிரி வேலை பாத்து மூணு நாலு நாள்தான் ஆச்சுன்னா உள்ள மாட்டின காத்து வெளிய வந்து ஒரு தடவை லேசா எறங்கும், அது பரவால்ல. மத்தபடி லெவல் எறங்குதுன்னா ஏதோ ஒரு வழியா போயிருக்குன்னுதான் அர்த்தம், அந்த வழிய கண்டுபிடிக்காம ஊத்தறது வைத்தியம் இல்ல.

உங்க லைட் ஏன் அணைஞ்சு அணைஞ்சு வந்துச்சுன்னா, அந்த ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவு இருக்கு, வண்டி சாயும்போது டேங்க்ல இருக்கற கூலண்டும் ஒரு பக்கமா ஒதுங்கும், சென்சார் இருக்கற பக்கம் காலியானா லைட் எரியும், நேரானதும் அணையும். அதாவது லெவல் ஏற்கனவே மினிமம் கோட்டுக்கிட்ட எறங்கியிருக்கு. சென்சார் அன்னைக்கு சரியாத்தான் வேலை பாத்திருக்கு, மலைல ஏறாம இருந்திருந்தா உங்களுக்கு இன்னும் லேட்டாதான் தெரிஞ்சிருக்கும்.

முள்ளு நடுவுல இருந்துச்சுன்னு நம்பினது பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா இதுலதான் நெறைய இஞ்சின் போகுது. டெம்பரேச்சர் சென்சார் கூலண்டுக்குள்ள முங்கி இருந்தாதான் சூட்ட சரியா காட்டும். கூலண்ட் நெறைய போயிடுச்சுன்னா சென்சார் வெறும் காத்துலயும் ஆவிலயும் நிக்கும், அப்ப முள்ளு ஏறாம நிக்கலாம், கீழ எறங்கக்கூட செய்யலாம், ஆனா உள்ள இஞ்சின் வெந்துக்கிட்டு இருக்கும். இன்னொண்ணு, இப்ப வர்ற நெறைய வண்டில முள்ளு சின்ன சின்ன ஏத்த இறக்கத்துக்கெல்லாம் அசையாம நடுவுலயே நிக்கற மாதிரிதான் செஞ்சு வச்சிருக்காங்க. அதனால கூலண்ட் லைட்டும் டெம்பரேச்சர் லைட்டும் ரெண்டு தனித்தனி செய்தி. ஒண்ணு "தண்ணி இல்ல"ங்குது, இன்னொண்ணு "சூடு தாங்கல"ங்குது. முதல் செய்திய கேட்டீங்கன்னா பெரும்பாலும் ரெண்டாவது வராது. சில ஐரோப்பிய வண்டில ரெண்டுக்கும் ஒரே படம்தான், எரியற விதமும் மீட்டர்ல வர்ற எழுத்தும்தான் மாறும், உங்க மேனுவல எடுத்து அந்த பக்கத்த மட்டுமாவது ஒரு தடவை படிச்சு வச்சுக்கங்க.

அடுத்த தடவை ரோட்டுல வந்தா என்ன பண்றது. ஏசிய அணைச்சிருங்க. ஹீட்டர முழு சூட்டுல வச்சு ஃபேன ஃபுல்லா வைங்க, வேர்க்கும், புழுங்கும், ஆனா ஹீட்டர் உள்ள இருக்கறதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இஞ்சின் சூட்ட கொஞ்சம் வெளிய எடுக்கும். கூலண்ட் லைட் மட்டும் இருக்கு, டெம்பரேச்சர் ஏறல, புகை இல்லன்னா ஓரம் கட்ட பாதுகாப்பான முதல் இடத்துல நிறுத்துங்க, அடுத்த ஊர் போய் பாக்கலாம்னு நினைக்காதீங்க. டெம்பரேச்சர் சிவப்புக்கு போயிடுச்சு இல்ல ஆவி வருதுன்னா உடனே ஓரம் கட்டி இஞ்சின அணைச்சிருங்க. பானட் வழியா ஆவி வந்துக்கிட்டு இருந்தா அது நிக்கற வரைக்கும் பானட்ட தூக்க வேண்டாம், குழந்தைங்கள ரோட்டு பக்கம் இல்லாம மறுபக்கமா இறக்கி தள்ளி நிக்க வைங்க. அப்பறம் முக்கால் மணி நேரமாவது சும்மா இருங்க. அவசரப்பட்டு இஞ்சின் மேல பச்சத்தண்ணி ஊத்தறவங்கள பாத்திருக்கேன், தயவு செஞ்சு அத பண்ணாதீங்க, கொதிக்கற உலோகத்துல திடீர்னு குளிர்ச்சி பட்டா விரிசல் விட்டுடும்.

நல்லா ஆறினப்பறம் டேங்க்ல மேக்ஸ் கோட்டுக்கு கீழ வரைக்கும் மெதுவா ஊத்துங்க, ஒருத்தர் குனிஞ்சு வண்டிக்கு அடில பாக்கணும். ஊத்த ஊத்த கீழ கொட்டுதுன்னா அதோட நிறுத்திடுங்க, அந்த வண்டி டோ வண்டிலதான் போகணும். தேசிய நெடுஞ்சாலைன்னா 1033-க்கு போன் போடலாம். கொட்டலன்னா ஸ்டார்ட் பண்ணி ஏசி இல்லாம நிதானமா பக்கத்து ஒர்க்‌ஷாப் வரைக்கும் போங்க, நடுவுல நிறுத்தி நிறுத்தி லெவல் பாத்துக்கிட்டு.

இப்ப உங்க வண்டிக்கு பண்ண வேண்டியது பிரஷர் டெஸ்ட். மூடி இருக்கற இடத்துல கைபம்ப் மாதிரி ஒரு கருவிய மாட்டி, மூடில எவ்வளவு அழுத்தம் போட்டிருக்கோ அந்த அளவுக்கு காத்தடிச்சு விட்டுட்டு பாப்பாங்க, முள்ளு எறங்கினா எங்கயோ கசியுது, ஹோஸ், கிளாம்ப், ரேடியேட்டர்ல பிளாஸ்டிக் டேங்க் சேர்ற ஓரம், வாட்டர் பம்ப்னு ஒவ்வொண்ணா டார்ச் அடிச்சு பாத்தா மாட்டிக்கும். பெரும்பாலும் ஒரு ஹோஸோ கிளாம்ப்போதான், சின்ன செலவு. இத விட்டா இஞ்சினோட மேல் பாகமான அலுமினிய ஹெட் வளைஞ்சு, அதுக்கும் கீழ இருக்கற பிளாக்குக்கும் நடுவுல கசியாம அடைக்கற கேஸ்கெட் போய், லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் பண்ணி... அது வேற கணக்கு. அலுமினியம் சூட்டுல விரியறது வார்ப்பிரும்ப விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, கீழ பிளாக் இரும்பு மேல ஹெட் அலுமினியம்னு இருக்கற வண்டில அளவுக்கு மீறி சூடானா முதல்ல அடி வாங்கறது நடுவுல இருக்கற கேஸ்கெட்தான்.

குடிக்கற தண்ணி ஊத்தினது தப்பில்ல, அந்த நேரத்துக்கு அதுதான் சரி. லீக்க சரி பண்ணும்போதே பழசு எல்லாத்தையும் எறக்கிட்டு புது கூலண்ட் ஊத்த சொல்லுங்க.

கேள்வி: ரேடியேட்டர் மூடிய சூடா இருக்கும்போது திறக்காதேன்னு எல்லாரும் சொல்றாங்க. கொஞ்சமா திருகி ஆவிய விட்டுட்டு திறந்தா என்ன?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: கூடாது தம்பி. கடல் மட்டத்துல தண்ணி 100 டிகிரில கொதிக்கும், ஊட்டி உயரத்துக்கு போனா 93 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிரும். இஞ்சின் சாதாரணமா ஓடறதே 90, 100 டிகிரில, அப்படின்னா ஊட்டி ஏறின எல்லா வண்டியும் கொதிக்கணும் இல்லையா, ஏன் கொதிக்கலன்னா அந்த மூடிதான் காரணம். அதுல 0.9, 1.1-னு நம்பர் போட்டிருக்கும், பார் கணக்கு, உள்ள அவ்வளவு அழுத்தத்த பிடிச்சு வச்சிருக்கும். சரிபாதி கலந்த கூலண்ட் அந்த அழுத்தத்துல 125 டிகிரிக்கு மேல போனாதான் கொதிக்கும். சூடா இருக்கும்போது மூடிய திறந்தா அழுத்தம் ஒரு நொடில போயிடும், அதுவரைக்கும் கொதிக்காம இருந்த அத்தனையும் அதே நொடில கொதிச்சு மூஞ்சில அடிக்கும். கொஞ்சமா திருகறேன்னு ஆரம்பிச்சு கை முழங்கை வரைக்கும் வெந்தவங்க இருக்காங்க.

மேல் ஹோஸ துணி வச்சு அமுக்கி பாருங்க, கல்லு மாதிரி இருந்தா உள்ள அழுத்தம் இருக்கு, கிட்ட போகாதீங்க. மெத்துன்னு அமுங்கினா, கெட்டி துணிய மூடி மேல போட்டு, மூஞ்ச தள்ளி வச்சுக்கிட்டு கால் திருப்பு திருப்பி காத்து இருந்தா போக விட்டு அப்பறம் திறக்கலாம்.

நெறைய ஜப்பானிய, கொரிய வண்டில மூடி ரேடியேட்டர் மேல இருக்கும், பக்கத்துல இருக்கற பிளாஸ்டிக் டப்பா வெறும் வழிஞ்சத பிடிக்கற டப்பா. ஐரோப்பிய டிசைன் வண்டில ரேடியேட்டர்ல மூடியே இருக்காது, அந்த டப்பாவே அழுத்தத்துல இருக்கும். முதல் வகை வண்டி வச்சிருக்கறவங்க டப்பால லெவல் இருக்கேன்னு நிம்மதியா இருந்துடாதீங்க, மூடில இருக்கற வால்வ் கெட்டுப்போனா டப்பா நெறைஞ்சிருக்கும், ரேடியேட்டர் காலியா இருக்கும். மாசம் ஒரு தடவை காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டையும் பாருங்க. கூலண்ட் கம்மின்னு சொல்ற லைட்டே இல்லாத சின்ன வண்டிக்கு இது இன்னும் முக்கியம், அந்த வண்டிங்கள்ல இஞ்சின் இன்னும் சூடாகலன்னு நீல லைட்டும் சூடு தாங்கலன்னு சிவப்பு லைட்டும் மட்டும்தான் இருக்கும், சிவப்பு வர்ற வரைக்கும் ஒண்ணுமே சொல்லாது.

கேள்வி: எங்க ஊர்ல போர் தண்ணி உப்பு. கூலண்டோட கலக்க எந்த தண்ணி?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: டிஸ்டில்ட் வாட்டர்ங்க, பேட்டரி கடைல கிடைக்கும். கேக்கும்போது தெளிவா கேளுங்க, அங்கயே பேட்டரி ஆசிட்டும் விப்பாங்க. போர் தண்ணில இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் சூட்டுல படிவமா ஒட்டிக்கும், உங்க வீட்டு ஹீட்டர் ராடுல வெள்ளையா படியுதே அதேதான், ரேடியேட்டர் குழாய் ரொம்ப சன்னம், அடைச்சுக்கும். உப்பு தண்ணி அலுமினியத்த அரிக்கவும் செய்யும். இந்த தலைவலியே வேண்டாம்னா ஏற்கனவே கலந்து வர்ற ரெடிமிக்ஸ் கேன் வாங்கிடுங்க, அதுல மறுபடி தண்ணி சேக்காதீங்க. நம்ம ஊர்ல குளிர்ல உறையாதே, வெறும் தண்ணி போதாதான்னு சிலர் கேப்பாங்க. உறையாம இருக்கறது அதோட ஒரு வேலைதான், துரு பிடிக்காம காக்கறதும் கொதிநிலைய ஏத்தறதும் சென்னை வெயிலுக்கும் வேணும்.

கேள்வி: பழைய வண்டி வாங்கினேன், டேங்க்ல பச்சை இருக்கு. கடைல சிவப்பு குடுத்து "இதான் லாங் லைஃப், இத ஊத்துங்க"ங்கறாங்க. கலக்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கலக்காதீங்க சார். கலருக்கு பொதுவான விதின்னு ஒண்ணும் கிடையாது, அது கம்பெனி கலக்கற சாயம். ஒரு கம்பெனி பச்சையும் இன்னொரு கம்பெனி பச்சையும் வேற வேற மருந்தா இருக்கலாம், சிவப்பும் பச்சையும் ஒரே ரகமா கூட இருக்கலாம். உள்ள இருக்கற துரு தடுப்பு மருந்துதான் முக்கியம். ஜப்பான் கம்பெனிங்க பொதுவா பாஸ்பேட் இருக்கற, சிலிகேட் இல்லாத கூலண்ட கேப்பாங்க, ஐரோப்பிய கம்பெனிங்கள்ல நெறைய பேர் அதுக்கு நேர் எதிரா. சேராத ரெண்டு கலந்தா மருந்தோட சக்தி கொறையும், சில சமயம் கொழகொழன்னு திரிஞ்சு அடைச்சுக்கும். உங்க மேனுவல்ல என்ன ரகம்னு போட்டிருக்கோ கேன் பின்னாடி அதே எழுத்து இருக்கான்னு பாருங்க. பழைய வண்டி, முன்னாடி இருந்தவர் என்ன ஊத்தினார்னு தெரியாது, அதனால பழசெல்லாம் எறக்கி உள்ள கழுவி முழுசா ஃப்ளஷ் பண்ணிட்டு புதுசா ஆரம்பிச்சு, தேதியும் கிலோமீட்டரும் ஒரு சீட்டுல எழுதி பானட் உள்ள ஒட்டிடுங்க. பழைய ரக கூலண்ட் 2 வருஷம், 40,000 கிலோமீட்டர் அப்படித்தான் தாங்கும், லாங் லைஃப் அஞ்சு வருஷம் வரைக்கும் போகும்.

கேள்வி: ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை அரை லிட்டர் குறையுது. கீழ ஒரு சொட்டு இல்ல. சர்வீஸ் சென்டர்ல "வெயில்ல ஆவியாகும் சார், நார்மல்தான்"னு டாப்-அப் பண்ணி அனுப்பிடறாங்க. டீசல் வண்டி, ஓடினது 90,000.
– வாசகர், ஓசூர்

பதில்: நார்மல் இல்ல சார். அத ஏத்துக்காதீங்க, ஜாப் கார்டுல "கூலண்ட் குறையுது, பிரஷர் டெஸ்ட் பண்ணவும்"னு எழுத சொல்லி கையெழுத்து போடுங்க. அரை லிட்டர் சும்மா ஆவியாகி போறதுக்கு அது திறந்த பாத்திரம் கிடையாது.

கீழ சொட்டு இல்லன்னா லீக் இல்லன்னு அர்த்தம் இல்ல. சூடான இடத்துல கசிஞ்சா கீழ விழறதுக்குள்ள காஞ்சுடும், கலர் கறை மட்டும் நிக்கும், வெள்ளையாவோ பச்சையாவோ ரோஸாவோ. வாட்டர் பம்ப்ல இதுக்குன்னே ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ள சீல் போனா அது வழியா கசியும், அந்த இடத்துல கறை இருக்கான்னு பாருங்க. அடுத்தது வண்டிக்குள்ள. முன்சீட்டு கால் வைக்கற மேட்ட தூக்கி கைய வச்சு பாருங்க, ஈரமா பிசுபிசுன்னு இருந்து, கண்ணாடில எண்ணெய் மாதிரி மூட்டம் போட்டு, உள்ள ஒரு தித்திப்பான வாசனை வந்தா ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டருக்குள்ள இருக்கற அந்த குட்டி ரேடியேட்டர் கசியுது. ஏசி தண்ணின்னு நினைச்சு ஏமாந்துடுவாங்க, ஏசி தண்ணிக்கு கலரும் இல்ல வாசனையும் இல்ல, கூலண்ட் விரல்ல வழுக்கும்.

இதெல்லாம் இல்லன்னா இஞ்சினுக்குள்ளயே போகுதான்னு பாக்கணும். காலைல ஸ்டார்ட் பண்ணும்போது வெள்ளைப்புகை வந்து, இஞ்சின் சூடான பிறகும் நிக்காம தித்திப்பு வாசனையோட வருதா, டேங்க்ல விடாம குமிழி வருதா, ஆறின இஞ்சின ஸ்டார்ட் பண்ணின ரெண்டு நிமிஷத்துல மேல் ஹோஸ் விறைச்சுக்குதா, ஆயில் டிப் ஸ்டிக்ல காபி கலர்ல நுரை இருக்கா. இதுல ஏதாவது இருந்தா ஹெட் கேஸ்கெட் மேல சந்தேகம். ஆயில் மூடிக்கு அடில மட்டும் லேசா வெள்ளை படிஞ்சிருந்தா பயப்பட வேண்டாம், பக்கத்து கடைக்கு மட்டும் ஓட்டற வண்டில ஈரம் சேந்து அப்படி வரும், ஓசூர் மாதிரி குளிர் இருக்கற ஊர்ல அதிகமாவே வரும். டீசல்ங்கறதால ஈஜிஆர் கூலர கட்டாயம் பாக்க சொல்லுங்க. சைலன்சருக்கு போற சூட்டுப்புகைல ஒரு பங்க இஞ்சினுக்கே திருப்பி விடறதுக்கு முன்னாடி கூலண்ட் வச்சு ஆற வைக்கற பாகம் அது, உள்ள விரிசல் விட்டா கூலண்ட் இஞ்சினுக்குள்ள போய் புகையோட போயிடும், வெளிய ஒரு தடயமும் இருக்காது. ஹெட்ட கழட்டணும்னு யாராவது சொன்னா, அதுக்கு முன்னாடி ஈஜிஆர் கூலர தனியா டெஸ்ட் பண்ணிட்டீங்களான்னு கேளுங்க.

கேள்வி: லாரி ஓட்டின எங்க அப்பா ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் போட்டு லீக்க அடைப்பார். கார்ல போடலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: அவர் செஞ்சது அந்த காலத்து வண்டிக்கு சரி, பித்தளை ரேடியேட்டர், அகலமான குழாய், ராத்திரி நடுக்காட்டுல நின்னா வேற வழியும் கிடையாது, அந்த கைவைத்தியத்துலதான் எத்தனையோ லோடு ஊர் போய் சேந்திருக்கு. இப்ப இருக்கற அலுமினிய ரேடியேட்டருக்கும் ஹீட்டர் கோருக்கும் வேண்டாம். அது லீக்க மட்டும் தேடி அடைக்காது, நல்ல குழாயையும் சேத்து அடைக்கும். கடைல விக்கற லீக் அடைக்கற மருந்துக்கும் இதே பதில்தான்.

கேள்வி: வண்டி ஹீட் ஆகுதுன்னு போனேன், மெக்கானிக் தெர்மோஸ்டாட்ட கழட்டிட்டு "நம்ம ஊருக்கு இது தேவையில்ல"ன்னுட்டார். இப்ப மைலேஜ் குறையுது.
– வாசகர், மதுரை

பதில்: திரும்ப மாட்டிருங்கண்ணே. அது 82, 88 டிகிரி வாக்குல திறக்கற ஒரு வால்வ், இஞ்சின் சீக்கிரம் சூடாகி அந்த சூட்டுலயே நிக்கறதுக்காக இருக்கு. அது இல்லன்னா இஞ்சின் ஓட்டத்துல ஆறிக்கிட்டே இருக்கும், கம்ப்யூட்டர் "இன்னும் சூடாகல"ன்னு நினைச்சு பெட்ரோல அதிகமா விடும், மைலேஜ் போனது அதுலதான். கெட்டுப்போயிருந்தா புதுசு போடணும், விலையும் பெருசா இல்ல.

ஹீட் ஆனதுக்கு உண்மையான காரணம் இன்னும் அப்படியே இருக்கும். எப்ப ஹீட் ஆச்சுன்னு யோசிங்க. சிம்மக்கல், கீழவாசல் டிராபிக்ல நின்னா ஹீட் ஆகி, பைபாஸ்ல ஓடினா சரியாயிடுதுன்னா ரேடியேட்டர் ஃபேன் சுத்தல, இல்ல அதோட ரிலே, ஃபியூஸ். நாலுவழிச்சாலைல ஓட ஓட ஹீட் ஆனா கூலண்ட் கம்மி, ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் இந்த பக்கம் தேடுங்க.

கேள்வி: எலக்ட்ரிக் காருக்கும் கூலண்ட் லைட் வருமா?
– வாசகி, சென்னை

பதில்: வரும்மா. நெறைய எலக்ட்ரிக் கார்ல பேட்டரி, மோட்டார், சார்ஜர் எல்லாத்தையும் கூலண்ட்தான் ஆற வைக்குது. சில கம்பெனிங்க மின்சாரம் எளிதுல கடத்தாத தனி ரக கூலண்ட் போடறாங்க, அதுல கடை கூலண்டோ குழாய் தண்ணியோ ஒரு டம்ளர் கூட ஊத்தாதீங்க. லைட் வந்தா நிறுத்திட்டு கம்பெனி உதவி எண்ணுக்கு போன் போடுங்க. ஹைப்ரிட் வண்டில இஞ்சினுக்கு ஒண்ணு, இன்வெர்ட்டருக்கு ஒண்ணுன்னு ரெண்டு டேங்க் இருக்கலாம், ரெண்டையும் பாக்கணும்.

கேள்வி: வண்டி நிக்கற இடத்துல பச்சையா சிந்தியிருந்தத எங்க நாய் நக்கிடுச்சு. அப்பவே கழுவி விட்டோம், நாய் நல்லாத்தான் இருக்கு. பொதுவா இது ஆபத்தா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ரொம்ப ஆபத்தும்மா. கூலண்ட்ல இருக்கற எத்திலீன் கிளைகால் தித்திப்பா இருக்கும், அதனாலதான் நாய், பூனை, குழந்தைங்க நக்கறது. கொஞ்சம் உள்ள போனாலே கிட்னிய அடிச்சிரும். முதல்ல போதை ஏறின மாதிரி தள்ளாடும், அப்பறம் தெளிஞ்ச மாதிரி தெரியும், அந்த நேரத்துலதான் உள்ள கிட்னி கெட்டுக்கிட்டு இருக்கும். "நல்லா இருக்கே"ன்னு காத்திருக்கக்கூடாது, மருந்து இருக்கு, ஆனா சில மணி நேரத்துக்குள்ள போனாதான் பலன். உங்க நாய இப்பவே கால்நடை டாக்டர்கிட்ட கூட்டிட்டு போய் நடந்தத சொல்லி ரத்தம் பாத்துருங்க, போகும்போது கூலண்ட் கேன கைல எடுத்துட்டு போங்க. குழந்தை வாய்ல பட்டுச்சுன்னா உடனே 108.

சிந்தினா மண்ணோ மரத்தூளோ போட்டு உறிஞ்ச விட்டு அள்ளி கட்டி போட்டுட்டு அப்பறம் கழுவுங்க. மிச்ச கூலண்ட கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி டிக்கில வைக்கற பழக்கம் நம்ம ஊர்ல நெறைய வீட்ல இருக்கு, இன்னைக்கே எடுத்து பாருங்க, அப்படி இருந்தா பழைய கேனுக்கே மாத்தி மூடிய இறுக்கி, குழந்தை கைக்கு எட்டாத உயரத்துல வச்சிடுங்க. அப்பறம் அந்த சொட்டு எங்க இருந்து விழுந்துச்சுன்னு கீழ ஒரு அட்டைய விரிச்சு ராத்திரி முழுக்க விட்டு பாருங்க, எந்த பக்கம் நனையுதோ அத மெக்கானிக்கிட்ட காட்டினா வேலை சுலபம்.